புயலைப் புகழ்ந்தவன்

"நல்ல புயல் மேடம். குத்தம் சொல்லக் கூடாது" என்றான் உமேந்திரா. "ரெண்டே ரெண்டு தகரம்தான் எடுத்துச்சு. மத்தபடி வீட்டைத் தொடவே இல்ல."

எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது நாளாக அகனிசி மேடமும் நானும் ஃபிஜியின் தவுவா சுற்றுவட்டாரத்தில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரித்துக்கொண்டு அலைகிறோம். கோழிக்கூண்டு போனவன் வீடு போனதாக எழுதியிருந்தான். வீடு போனவன் இரண்டு வீடு போனதாக எழுதியிருந்தான். அந்தப் புயலுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த ஒரே ஆள் இவன்தான்.

"அவ்ளோ தங்கமான புயலாண்ணே?" என்றேன். "அடுத்த தடவை எங்க வீட்டுப் பக்கமும் வரச் சொல்லுங்க. எங்கம்மா டீ போட்டுக் குடுப்பாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் மனைவி வினேஷ்னி செத்ததே டீ போடப் போய்த்தான் என்று க்ளெய்ம் படிவத்தில் எழுதியிருந்தான். என் வாய்க்கு எப்போதும் இதே வேலை.

படிவத்தில் இருந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை இரவு புயல். குடியிருப்பு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. ஞாயிறு காலை வினேஷ்னி தனியாக வீட்டுக்கு வந்தாள். டீ போட மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். தீ பிடித்து வீடும் அவளும் எரிந்தார்கள். 'காரணம்' என்ற இடத்தில் 'மனைவியின் கவனக்குறைவு' என்று அழகான கையெழுத்து. போலீஸும் விபத்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டது.

விபத்து என்றால் கம்பெனி முழுத்தொகை கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று பார்த்து வரத்தான் லௌடோகா மேனேஜர் எங்களை அனுப்பியிருந்தார். எங்கள் பிழைப்பு அதுதான். எங்களை யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள்.

ஆனால் உமேந்திரா வரவேற்றான். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை. கரும்பு பயிரிடுகிறான், சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். எரிந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே முளை அடித்து, கயிறு கட்டி, புது வீட்டுக்கு அளவு எடுத்து வைத்திருந்தான். மூன்று அறை, கான்க்ரீட். மனைவியை எரித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"இங்க ஹால். அங்க குளியலறை. கம்பெனி சரின்னு எழுதினா திங்கக்கிழமை சிமென்ட் இறங்குது" என்றான்.

அகனிசி மேடம் கயிற்றைத் தாண்டி சாம்பலுக்குள் நடந்தார். இருபத்திரண்டு வருடம் லௌடோகா போலீஸில் இருந்தவர். ஆள் கனம், குரல் மெல்லிசு. காய்ந்த கரும்புத் துண்டு ஒன்றை எடுத்துச் சாம்பலைக் கிளறினார். ஆணிகள் நிறையக் கிடந்தன. ஒரு கதவுக் கீல், அடுப்பின் எலும்பு, கருகிய இரும்புக் கட்டில். அவ்வளவுதான்.

"உங்க கூரையில எத்தனை தகரம்?"

"நாப்பத்தி ரெண்டு" என்றான் உடனே. "புயல்ல ரெண்டு போச்சா, மிச்சம் நாப்பது. எல்லாம் நெருப்புல வெந்து சுருண்டு கிடந்துச்சு மேடம். பழைய இரும்புக்காரன் லாரியோட வந்தான், ஏத்தி விட்டுட்டேன்."

"யார் அவர்?"

"வழியில போனவன். பேர் கேக்கல."

"எப்போ வந்தார்?"

"அது... செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை வினேஷ்னியின் தகனம். அதுவும் படிவத்திலேயே இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களோடு சேர்த்து இரும்புக்காரனையும் கவனித்து அனுப்பியிருக்கிறான் போலிருக்கிறது.

மேடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கரும்புத் துண்டைப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த முகம் தெரியும். அதை நம்பி உள்ளே போனவர்கள் நாலு பேர் இன்னும் வெளியே வரவில்லை.

"உமேந்திரா, எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்தக் குடியிருப்புல யார் பாலிசி எடுக்கறதா இருந்தாலும் உங்களைத்தான் கேப்பாங்களாமே. எனக்கும் சொல்லித் தாங்க. நான் கம்பெனிக்கு வேலை செய்யறேனே ஒழிய, இந்தப் புத்தகத்தைப் படிச்சா எனக்குத் தூக்கம்தான் வருது."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எங்களை உட்கார வைத்தான். ஒரு ஐஸ்க்ரீம் டப்பாவிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தான். புயலுக்கு முன்னால் வீட்டிலிருந்து அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பொருள் அந்த டப்பா மட்டும்தானாம்.

நோட்டில் மூன்று பத்தி. மூன்று கம்பெனிகளின் புத்தகங்களையும் அட்டை நிறத்தை வைத்து நீலம், சிவப்பு, பச்சை என்று பிரித்திருந்தான். குறுக்கே தீ, திருட்டு, வெள்ளம், புயல். ஒவ்வொரு கட்டத்திலும் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. உண்மையைச் சொன்னால் எங்கள் கம்பெனியிலேயே இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

"நீலத்துல திருட்டு உண்டு, ஆனா வீட்டைப் பூட்டாம போனா கிடையாது. பூட்டின வீட்டுல யார் மேடம் திருடுவான்? சிவப்புல வெள்ளம் உண்டு. ஆனா நம்ம வீட்டுக்கு வெள்ளம் ஏறாது, அதுக்கு எதுக்குக் காசு? பச்சையைப் பாருங்க. பிரீமியம் கம்மி. தீக்கு முழுக் கவர். மத்தவங்க மாதிரி பழைய வீடுன்னு தேய்மானம் பிடிக்க மாட்டான். புதுசா கட்ட என்ன ஆகுமோ அதைத் தருவான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் எடுத்தா அதுல ஒரு தள்ளுபடி வேற. நான் எடுத்தது பச்சை, உங்க கம்பெனிதான்."

"மேடம், நம்ம காருக்கும் இவர்கிட்டயே கேட்டுடலாம்" என்றேன். "போன வாரம் அது மேல தேங்கா விழுந்துச்சு, அதுக்கு எந்த நிறம்ணே?"

"தேங்கா மூணுலயும் கிடையாது" என்றான் உமேந்திரா, சிரிக்காமல்.

மேடம் நோட்டில் விரலை வைத்தார். "இந்த வரிசை புரியல. புயலுக்கு நேரா பச்சையில பெருக்கல் போட்டிருக்கீங்க."

"அது மூணு கம்பெனியிலயும் அப்படித்தான். ஒரு இன்ஜினியர் வந்து பாத்து, வீடு புயலைத் தாங்கும்னு சர்டிஃபிகேட் குடுத்தாத்தான் புயலுக்குக் கவர். என்னோடது போன மே மாசம் முடிஞ்சுபோச்சு. புதுசு எடுக்கல."

"ஏன்?"

"பா டவுன்லருந்து வருவான். ஏணி போட்டு ஏறுவான். இங்க இரும்புப் பட்டை அடி, அங்க போல்ட்டை மாத்துன்னு இழுத்து விடுவான். ஏழு வருஷமா ஒரு புயலும் வரல, தண்டச் செலவு. வினேஷ்னிதான் எடுங்க எடுங்கன்னு உயிரை வாங்கினா. ஆறாங்கிளாஸ் தாண்டாதவ, பாலிசியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறா. ஒரு நாள் வெச்சேன் ஒண்ணு கன்னத்துல. அதோட வாயை மூடிட்டா."

பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான். உப்பு குறைவாக இருந்தது, கொஞ்சம் போட்டேன் என்கிற மாதிரி. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் முகத்தில் அதே கணக்கு வராத பிள்ளைதான் இருந்தது.

"இப்போ எனக்குப் புரியுதான்னு பாருங்க. இந்த வீடு புயல்ல போயிருந்தா உங்களுக்கு என்ன வரும்?"

"ஒரு சென்ட்டும் வராது மேடம்."

"நெருப்புல போனா?"

"புது வீடே வரும்."

வகுப்பில் முதல் ஆளாகப் பதில் சொன்னவன் மாதிரி பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் யோசித்தான். நோட்டை மெதுவாக மூடினான்.

"ஆனா புயல் ஒண்ணுமே பண்ணலையே மேடம்" என்றான்.

"ஆமா. நல்ல புயல்" என்று மேடம் எழுந்துகொண்டார்.

*

காரில் ஏறியதும் நான் சொன்னேன். "நூத்துக்கு நூறு மேடம். பரீட்சையையும் எழுதிட்டு, மார்க்கையும் அவரே போட்டுக்கிட்டார்."

"நோட்டுல எழுதினது குத்தமில்ல ரோனில். தீ பிடிச்சப்போ வீட்டு மேல கூரை இருந்துதா இல்லையான்னு தெரியணும். நெருப்பு கட்டையைத் தின்னும், தகரத்தைத் தின்னாது. நாப்பது தகரம் எங்கே?"

"பேரில்லாத இரும்புக்காரன் வீட்டுல."

"இல்லன்னா காத்து எங்கே போட்டுச்சோ அங்கே. அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?"

கரும்பைப் பார்த்தாலே தெரிந்தது. வயல் முழுக்க வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தது. நாங்களும் வடக்கே போனோம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புயலில் அடுத்தவன் கூரைத் தகரம் உன் நிலத்தில் வந்து விழுந்தால் அது உனக்குச் சொந்தமில்லை. பொறுக்கி, ரோட்டோரம் அடுக்கி, மேலே கல்லை வைத்துவிட வேண்டும். உடையவன் வந்து அடையாளம் சொல்லி எடுத்துப்போவான். அதுவரை, தன் கூரை போய் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஊரில் எவனும் அந்தத் தகரத்தில் கை வைக்க மாட்டான். இத்தனை நாளில் அநேகமாக எல்லாக் குவியலும் காலியாகியிருந்தன. மூன்று வயல் தள்ளி, மெரியோனி என்ற பெண்ணின் வேலிக்கு வெளியே மட்டும் ஒன்று அப்படியே இருந்தது.

இறங்கிப் போய் மேல் தகரத்தைப் புரட்டினேன். ஒரு பல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

கட்டில் நீளத்துக்கு ஒரு பல், பளிச்சென்ற வெள்ளை. அடுத்த தகரத்தில் இன்னும் இரண்டு பல், கொஞ்சம் ஈறு. அதற்கும் கீழே ஒரு பெண்ணின் மூக்கில் பாதி. நான் குவியலைப் புரட்டப் புரட்ட ஒரு ராட்சசி துண்டு துண்டாக வெளியே வந்தாள்.

"அது பல்லு வீட்டுத் தகரம்" என்று ஒரு குரல் வந்தது. மெரியோனி. ஐம்பது வயது, இடுப்பில் ஈரத் துணி வாளி. "டவுன்ல பற்பசை விளம்பரப் பலகை ஒண்ணு இருந்துச்சில்ல, அதை இடிச்சப்போ உமேந்திரா ஏலத்துல மலிவா எடுத்தான். அதுலதான் கூரை போட்டான். பச்சை பெயின்ட் வெளிப் பக்கம், பல்லு உள் பக்கம். வினேஷ்னி சொல்லுவா, எங்க வீட்டுல யார் சிரிக்கலன்னாலும் கூரை சிரிக்கும்னு."

எண்ணினேன். முப்பத்தாறு. ஒன்றில்கூடக் கரி இல்லை.

"இதை எடுக்க அவர் வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"வந்தான். பொண்டாட்டியைத் தகனம் பண்ணின மறுநாள். நின்னு பாத்தான். 'என்னுது இல்ல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இந்தத் தாலுகாவுல பல்லு வெச்ச கூரை வேற யாருக்கு இருக்கு? துக்கத்துல புத்தி பேதலிச்சிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."

புத்தி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. முப்பத்தாறு தகரத்தையும் பட்டப்பகலில் லாரியில் ஏற்றினால், வீட்டுக்குக் கூரை இல்லை என்று ஊருக்கே காட்டியதாக ஆகும். இரவில் ஏற்றினால் திருட்டு, யாராவது பிடித்துவிடுவார்கள். என்னுடையது இல்லை என்று சொன்னால் போதும், வழக்கப்படி அது கல்லுக்குக் கீழே கிடக்கும், ஊரான் எவனும் தொட மாட்டான். ஊரான் தொட மாட்டான் என்பதை மட்டும் யோசித்தான். வெளியூர்க்காரன் புரட்டிப் பார்ப்பான் என்று யோசிக்கவில்லை.

மேடம் வேலியோரம் கிடந்த மரத்துண்டில் உட்கார்ந்தார். "மெரியோனி, ஞாயித்துக்கிழமை காலையில நீங்களும் ஸ்கூல்லதானே இருந்தீங்க? போலீஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னை யாரும் கேக்கலையே."

"நான் கேக்கறேன்."

மெரியோனி வாளியைக் கீழே வைத்தாள். "செத்தவளைப் பத்தித் தப்பா சொல்லக் கூடாது. ஆனா எனக்கு அது மனசுலயே கிடக்கு. விடிஞ்சதும் உமேந்திரா போய் வீட்டைப் பாத்துட்டு வந்தான். மூஞ்சி சுண்டிப் போயிருந்துச்சு. அவகிட்ட வந்து, 'கூரை போச்சு, சுவர்தான் நிக்குது, எல்லாம் முடிஞ்சுது'ன்னான். நான் பக்கத்துலதான் இருந்தேன். சொல்லிட்டு லாரிக்கு எண்ணெய் வாங்கணும்னு கேனைத் தூக்கிட்டுப் போயிட்டான். அங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டை நினைச்சு அழுதுட்டு இருந்தோம். வினேஷ்னி மட்டும் சிரிச்சா."

"சிரிச்சாளா?" என்றேன்.

"ஆமா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பைத்தியமாடி உனக்குன்னு கேட்டேன். எங்க வீடு எழுந்துடும்க்கா, என்கிட்ட காகிதம் இருக்குன்னா. பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருக்கேன், எடுத்துட்டு வரேன்னு வயல் குறுக்கால ஓடினா. அதுதான் நான் அவளைக் கடைசியா பாத்தது."

"என்ன காகிதம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஒருத்தர் வந்து அவ கூரையைப் பாத்துட்டுப் போனாரு, அதுவா இருக்கலாம். உமேந்திரா மில்லு வாசல்ல கரும்பு லாரியோட ரெண்டு நாள் வரிசையில கிடந்தான்ல, அப்போ வந்தாரு. நான்தான் ஏணியைப் பிடிச்சேன். அதுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் போய் இரும்புப் பட்டையெல்லாம் அடிச்சுக் குடுத்தாரு. மாங்கா ஊறுகா வித்துச் சேத்த காசு அவளோடது."

அதன் பிறகு மேடம் ஃபிஜியன் மொழிக்கு மாறினார். மெரியோனியும் அதிலேயே பதில் சொன்னாள். என் ஃபிஜியன் சந்தையில் மீன் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். வினேஷ்னியின் பெயர் இரண்டு தடவை வந்தது. மெரியோனி கையை ஓங்கிக் காட்டினாள். பிறகு முந்தானை மாதிரி துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் எழுந்து அவள் தோளை ஒரு தரம் பிடித்து விட்டுவிட்டு காருக்கு வந்தார்.

"என்ன மேடம் சொன்னாங்க?"

"முதல்ல லௌடோகாவுக்குப் போன் போடு."

மேனேஜருக்குத்தான் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மேடம் பாலிசி எண்ணைச் சொல்லி, போன மாதம் கவுன்ட்டரில் அந்த பாலிசிக்கு ஏதாவது வந்ததா என்று பார்க்கச் சொன்னார். அவர் யாரையோ விரட்டினார். ஃபைல்களைக் கிளறும் சத்தம் கேட்டது.

"இருக்கு" என்றார் மேனேஜர். "இன்ஜினியர் சர்டிஃபிகேட். அந்தம்மாவே நேர்ல கொண்டுவந்து குடுத்திருக்காங்க. பாலிசி ரெண்டு பேர் பேர்ல இருக்கறதால அவங்க கையெழுத்தே போதும். நவம்பர் இருபத்தெட்டுலருந்து புயலுக்கு முழுக் கவர்னு நம்ம ஆளு முத்திரை குத்திக் குடுத்திருக்கான். தபால்ல அனுப்பாதீங்க, நானே வாங்கிக்கறேன்னு சொன்னாங்களாம். அதனால புருஷன் கையில இருக்கற பாலிசிப் பிரதியில இது இருக்காது."

நான் வெளியே அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் வந்தது டிசம்பர் பத்தொன்பது.

"அப்போ அந்த ஆள் புயல்னு உண்மையை எழுதியிருந்தாலே முழுப் பணமும் வந்திருக்குமா?" என்றேன்.

"வந்திருக்கும்" என்றார் மேனேஜர். "ஆனா அவர் எழுதல, இல்லையா? பொய் க்ளெய்ம் குடுத்தா பாலிசியில எல்லாமே ரத்து. பதினாலாவது பக்கம். தீயும் கிடையாது, புயலும் கிடையாது. அகனிசி, அருமையான வேலை. இன்னிக்கு எனக்கு நல்ல நாள்."

மேடம் போனை வாங்கி அணைத்தார். பிறகு தவுவா போலீஸுக்கு அவரே பேசினார்.

*

நாங்கள் திரும்பிப் போனபோது உமேந்திரா புது வீட்டின் கயிற்றை இன்னும் ஒரு அடி தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களோடு வந்த கான்ஸ்டபிள் காரிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். காரின் மேல் ஒரு தகரத்தைக் கட்டி எடுத்துவந்திருந்தோம். நான் அதை இறக்கிப் பல் தெரிகிற மாதிரி அவன் எதிரே சாய்த்து வைத்தேன்.

"அண்ணே, உங்களைப் பாத்து எப்படிச் சிரிக்குது பாருங்க. நீங்க என்னடான்னா தெரியாதுன்னு சொல்லிட்டீங்களாமே" என்றேன்.

அவன் கயிற்றை விட்டான். மூன்று அறையும் தரையில் தொய்ந்தன.

"முப்பத்தாறு இருக்கு" என்றார் மேடம். "ஒண்ணுலயும் புகை படல. வீடு எரியறப்போ மேல கூரை இல்ல. எண்ணெய்க் கேனோட நீங்க போனதைப் பாத்தவங்க இருக்காங்க. மேல என்ன கேக்கட்டும்?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ ஸ்கூல்ல இருக்கான்னு நினைச்சேன் மேடம். சத்தியமா. அடுக்களைப் பக்கம் ஊத்தினேன், பத்த வெச்சேன், யாரும் பாக்கறதுக்குள்ள ரோட்டுக்கு வந்துட்டேன். அவ பின் ரூம்ல இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு சத்தமும் கேக்கல. நான் திரும்பிப் பாக்கவே இல்ல."

"அப்புறம் அவ டீ போட்டான்னு எழுதினீங்க."

"ஏதாவது எழுதணும்ல. செத்தவளுக்கு அதனால என்ன கெடுதி?" என்றான். பிறகு குரலை உயர்த்தினான். "நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க. பத்து வருஷமா பிரீமியம் கட்டறேன். புயல்னு எழுதினா பெருக்கல் குறி. கவர் இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்?"

மேடம் போனில் லௌடோகாவிலிருந்து வந்த படத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தார்.

அவன் படித்தான். விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். தேதியில் நின்றான், மறுபடி மேலே போய்ப் படித்தான், வினேஷ்னியின் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இப்போது அழப் போகிறான் என்று நினைத்தேன்.

"அப்போ புயலுக்குக் கவர் இருக்கா?" என்றான். "மேடம், நான் குடுத்த ஃபாரத்தைக் கிழிச்சிடுங்க. புயல்னு இப்போ வேற எழுதித் தரேன். செல்லும்தானே?"

இந்த வேலையில் நான் பார்க்காத கேவலம் இல்லை. இருந்தாலும் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டேன். கை நீண்டுவிடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

"செல்லாது" என்றார் மேடம். "நீங்க ஒண்ணுமே பண்ணாம ஸ்கூல்லயே உக்காந்திருந்தா உங்களுக்கு வீடு வந்திருக்கும். பொண்டாட்டியும் இருந்திருப்பா. இப்போ ரெண்டும் இல்ல."

கான்ஸ்டபிள் காரிலிருந்து இறங்கி வந்தார். உமேந்திரா அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மண்டைக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இப்போதுதான் ஒவ்வொரு கட்டமாக நிரம்பியிருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அது வேறு முகமாக இருந்தது.

"கூரை போச்சுன்னு நான் சொன்னப்போ பக்கத்துலதானே இருந்தா" என்றான். "ஒரு வார்த்தை. கவர் இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை. ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?"

அகனிசி மேடம் அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாம இன்ஜினியரைக் கூப்பிட்டதுக்கு அடிப்பீங்கன்னு பயம். வாயால சொன்னா அடி விழும், காகிதத்தைக் கைல குடுத்துட்டா விழாதுன்னு மெரியோனிகிட்ட சொல்லிட்டு, அதை எடுக்கத்தான் அவ உள்ள போனா."

கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வரச் சொன்னார்.